மாரிக்கு முதல் கத்தரித் தோட்டம்: அனுபவமுள்ள ஆக்கள் சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நாங்கள் யாழ்ப்பாணம் கோண்டாவில் பக்கம், செம்மண் வளவு. புரட்டாதி முடியப்போகுது, மழை பிடிக்க முதல் காலபோகத்துக்கு, அதாவது மாரிப் பயிருக்கு, தோட்டத்தை ஆயத்தப்படுத்துறம். பூவரசங்குழையும் கிளிசரியாக் குழையும் வெட்டித் தாட்டு, மாட்டெருவும் போட்டுக் கொத்தப்போறம். குழை தாட்டு எத்தனை கிழமையால கன்று நடலாம்?

பெரிய கவலை கத்தரிதான். போனமுறைக் கன்றுகளைப் பிடுங்கேக்க வேரெல்லாம் முடிச்சு முடிச்சா இருந்தது. வட்டப்புழு, அதுதான் மண்ணுக்குள்ள இருந்து வேரைத் தாக்கிற கண்ணுக்குத் தெரியாத புழு, எண்டு பக்கத்து வீட்டு ஐயா சொன்னார். அந்தப் புழு தக்காளி, மிளகாய், வெண்டியையும் விடாது, அதால அந்தத் துண்டில இந்தமுறை அதுகள் ஒண்டும் இல்லை. மேரிகோல்ட் செவ்வந்தி நெருக்கமா வச்சா புழு குறையுமாம். ஒரு போகம் முழுக்க அதை மட்டும் விடவேணுமா, இல்லாட்டி சோளனோட கலந்து வைக்கலாமா? செய்து பார்த்த ஆக்கள் கட்டாயம் எழுதுங்கோ, வாற வருசமாவது அந்த மண்ணில திரும்பக் கத்தரி காய்க்கவேணும்.

கிணத்தடிப் பக்கம் பள்ளம், கார்த்திகை வெள்ளம் நிக்கும். அங்க பாத்தியை எவ்வளவு உயர்த்துறது?

எங்கட யாழ்ப்பாணத் திருநெல்வேலி ஊதாக் கத்தரி விதை ஆரிட்டயும் இருந்தா சொல்லுங்கோ. மாற்றா நல்ல முருங்கைத் தடி தரலாம்.