பேட்ஸ் ரொமாண்டிக் தலைவரா? ஐந்து வருஷத்துக்கா?

மரப்பாச்சி:
டச்சு ரொமாண்டிக் இலக்கியத்தின் தலைவர் நிக்கோலாஸ் பேட்ஸ் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல் வந்தது. 1834-ல் 'ஹோசே', 1835-ல் 'குசர்', 1837-ல் 'கி டி ஃப்ளாமிங்' என்று மூன்று கதைக் கவிதைகள், அவ்வளவுதான். 1839-ல் ஹில்டெப்ராண்ட் என்ற புனைபெயரில் 'கேமரா ஒப்ஸ்குரா' என்ற உரைநடைக் கதைத் தொகுப்பு, அதே ஆண்டு இறையியல் பட்டம், 1840-ல் ஹேம்ஸ்டெடே என்ற ஊரில் பாதிரி. ஐந்து வருஷ மாணவர் காய்ச்சலுக்குத் தலைவர் பட்டமா?

தெற்குவாசல்:
ஐந்து வருஷம் என்றால் கணக்கில்லையா? லெய்டன் பல்கலைக்கழக நண்பர் வட்டத்தில் க்னெப்பெல்ஹௌட், ஹாசெப்ரூக், கேவின் எல்லாரும் இருந்தார்கள். ஆங்கில ரொமாண்டிக் கவிஞர் பைரன் பாணிக் கவிதையால் முதலில் பேர் வாங்கியவர் பேட்ஸ்தான்.

மரப்பாச்சி:
வாங்கிய பேரை அவரே உதறினார் ஐயா! அந்தக் காலத்தைக் 'கறுப்புக் காலம்' என்று தானே கட்டுரை எழுதித் தள்ளிவைத்தார். ஐந்தே வருஷம்.

நடுப்பக்கம்:
ரொமாண்டிக் என்று எதைச் சொல்கிறீர்கள் இரண்டு பேரும்?

மரப்பாச்சி:
அது அப்புறம். முதலில் ஐந்து வருஷத்துக்குப் பதில் வரட்டும்.

தெற்குவாசல்:
'கேமரா ஒப்ஸ்குரா'வில் ஸ்டாஸ்டோக் வீட்டுக் கதையைப் படித்தீர்களா? தேவாலய ஏழையர் விடுதிக் கிழவர் கேஸ்யே, தன் பிணத்துக்குப் போர்த்த நல்ல சட்டை வேண்டும் என்று காசு சேர்த்து மறைத்து வைத்திருப்பார். அதையும் பிடுங்கிக்கொள்வார்கள். அதைப் படித்துவிட்டு மனம் கரையாதவனிடம் ரொமாண்டிக் பற்றிப் பேசி என்ன பயன்?

மரப்பாச்சி:
கரைந்தது, கரைந்தது. ஆனால் அது பைரனா? அன்றாட வாழ்க்கையை அப்படியே நகலெடுக்கும் ஆசை என்று 1841-லேயே 'டி கிட்ஸ்' இதழில் விமர்சகர் பொட்கீட்டர் சாடிய புத்தகம் அது. வட்டத்தில் ஆளைத் தேடினால் க்னெப்பெல்ஹௌட்டைப் பாருங்கள், லெய்டன் மாணவர்களை அவரைப் போல் யார் எழுதினார்? பணக்காரர் என்பதால் அவரை ஒதுக்குகிறீர்கள்.

தெற்குவாசல்:
நான் எங்கே ஒதுக்கினேன்? முதல் பேரே அவருடையதுதான் எழுதினேன். டச்சு எழுத்தாளர் முல்டாடுலி பற்றிய நம் பழைய விவாதத்திலும் நான் சொல்லாததைச் சொன்னதாக்கி ஒரு வாரம் இழுத்தீர்கள்.

மரப்பாச்சி:
அதில் கடைசிவரை பதில் சொல்லாமல் போனது நீங்கள்தான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நடுப்பக்கம்:
'கேமரா ஒப்ஸ்குரா'வில் கெக்கே குடும்பக் கதை 1851 பதிப்பில்தான் சேர்ந்தது. அப்போது அவர் பாதிரியாகிப் பல வருஷம். அதை எந்தக் கணக்கில் வைப்பது?

மரப்பாச்சி:
பாதிரி கணக்கில். 1834-லிருந்து 1839 வரை எண்ணுங்கள், ஐந்துதான் வரும்.

தெற்குவாசல்:
எண்ணிக்கொண்டே இருங்கள். கேஸ்யே எழுதிய கையும் 'குசர்' எழுதிய கையும் ஒன்றுதான் என்கிறேன் நான்.

மரப்பாச்சி:
சரி, அப்போ தலைவர் என்ற அந்தப் பதிவைத் திருத்தச் சொல்லுங்கள்.

தெற்குவாசல்:
திருத்தமாட்டேன். எழுதியது நான்தான்.