குடும்ப ஜெபத்தில் கீர்த்தனை பாடுவது, பாடி முடித்துக் காத்திருப்பது: வழி சொல்லுங்கள்

மாலைவிளக்கு கேட்டது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் வீட்டில் இரவு ஏழரைக்குக் குடும்ப ஜெபம். மாமனார், நாங்கள் இரண்டு பேர், பதினொன்றும் ஏழும் வயதான பிள்ளைகள். டிவியில் யூடியூப் பாட்டைப் போட்டு அதோடு சேர்ந்து பாடுவதுதான் வழக்கம். ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. அமைதியாக உட்கார இடமே இல்லை. மாமனாருக்குக் கீர்த்தனைப் புத்தகம் மனப்பாடம், ஆனால் அவர் எடுக்கிற சுருதி எனக்கும் பிள்ளைகளுக்கும் எட்டவில்லை. எங்களில் யாருக்கும் வாத்தியம் தெரியாது.

இன்னொன்று. கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் கேட்பதா வேண்டாமா என்று இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். பாட்டுக்குப் பிறகு கர்த்தரின் சித்தத்துக்காகக் காத்திருக்க நினைக்கிறோம். அதை எப்படி ஒழுங்காகச் செய்வது? ராகம் தாளமெல்லாம் வேறு மார்க்கத்துச் சமாச்சாரம், ஜெபத்தில் வேண்டாம் என்று உறவில் ஒருவர் சொல்கிறார். அதற்கும் பதில் வேண்டும்.

சுருதிப்பெட்டி:

சகோதரி, முதலில் சுருதி. அது சரியானால் பாதிப் பிரச்சினை தீரும்.

கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு. ஆண்கள் தனியாகப் பாடினால் 1 கட்டை முதல் 2 கட்டை வரை எடுப்பார்கள். பெண்கள் தனியாகப் பாடும்போது 5, 5½ கட்டை. இரண்டு தரப்பும் பிள்ளைகளும் ஒன்றாகப் பாட 1 கட்டையில் (கீபோர்டில் சி) ஆரம்பியுங்கள். போனில் தம்புரா ஆப் ஒன்றை இறக்கி 1 கட்டை வைத்தால் ச-ப-ச (சட்ஜம், பஞ்சமம், மேல் சட்ஜம்) ஓடிக்கொண்டே இருக்கும். வேறு வாத்தியம் எதுவும் தேவையில்லை.

பல்லவி சுகமாக இருக்கிறது என்று அதை வைத்துச் சுருதியை முடிவு செய்யாதீர்கள். கீர்த்தனையில் பல்லவி பெரும்பாலும் கீழே நிற்கும். அதை அடுத்து வரும் அநுபல்லவியிலும் சரணத்திலும்தான் மேல் சட்ஜத்தைத் தொட்டுத் தாண்டும். ஆகவே சரணத்தின் உச்சமான வரியை முதலில் பாடிப் பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளை கத்தாமல் அதை எட்டினால் சுருதி சரி. மேல் காந்தாரம் (மேல் ‘க’) வரை போகிற பாட்டானால் 7 கட்டைக்கோ 6½ கட்டைக்கோ, அதாவது சி-க்குக் கீழே உள்ள பி அல்லது ஏ ஷார்ப்புக்கு, இறக்கிவிடுங்கள். மாமனாரே பாட்டை எடுத்துக் கொடுக்கட்டும். தம்புரா ஒரு நிமிடம் ஓடிய பிறகு எடுக்கச் சொல்லுங்கள், போதும்.

அடுத்தது தாளம். பாட்டின் தலையில் ராகம், தாளம் இரண்டும் அச்சாகியிருக்கும், ஸ்வரம் இருக்காது. ஆதி என்றால் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு. ரூபகம் என்று போட்டிருந்தால் தட்டு, தட்டு, வீச்சு என்று மூன்றாகப் போட்டுக்கொள்ளலாம். சாபு என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஏழு, மூன்றும் நான்குமாகப் பிரியும்.

பலர் தடுமாறுவது எடுப்பில், அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தில். எல்லாப் பாட்டும் முதல் தட்டிலேயே தொடங்காது. தட்டு விழுந்து அரை எண்ணிக்கையோ ஒன்றரை எண்ணிக்கையோ கழித்துச் சொல் ஆரம்பிக்கும் பாட்டுகள் நிறைய. அதைத் தட்டோடு இழுத்து ஆரம்பித்தால் எதுகை விழ வேண்டிய இடம் தள்ளிப்போய், வரியின் பொருளே குழம்பும். மெட்டை விட்டுவிட்டு, தாளம் போட்டுக்கொண்டே வரியைப் பேச்சாக மூன்று தடவை சொல்லுங்கள். வாய்க்குப் பழகிய பிறகு மெட்டைச் சேருங்கள். தாளம் போடும் பொறுப்பை மூத்த பிள்ளைக்குக் கொடுங்கள். சரணத்துக்குச் சரணம் வேகம் தளர்வது எல்லா வீட்டிலும் நடக்கும். கை தளராவிட்டால் பாட்டும் தளராது.

புத்தகத்தில் தோடி ராகம் என்று இருக்கும், சபையில் பாடுவது வேறாகக் கேட்கும். தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்டுப் பாடி வந்ததில் கமகங்கள் (ஸ்வரத்தை அசைத்துப் பாடும் நெளிவுகள்) உதிர்ந்து மெட்டு எளிதாகிவிட்டது. அதில் சண்டை வேண்டாம். மாமனாருக்குத் தெரிந்த மெட்டே உங்கள் வீட்டு மெட்டு. பின்னாளில் பிள்ளை கிடாரோ கீபோர்டோ கற்றால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். சங்கராபரணம், மோகனம், கல்யாணி ஓரளவு கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) தாங்கும். தோடி, புன்னாகவராளி, ஆனந்தபைரவி தாங்காது. கார்டு அடித்ததும் ராகத்தின் முகம் போய்விடும். அங்கே ச-ப மட்டும் பிடித்து நிறுத்தினால் அழகாக இருக்கும்.

பழைய உபதேசியார்:

அம்மா, உறவினருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது உங்கள் மனதை அரித்துக்கொண்டிருந்தால் காத்திருக்க முடியாது.

நம் கீர்த்தனை எங்கிருந்தோ இரவல் வந்ததில்லை. வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பாளையங்கோட்டையில் பிறந்து, ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, தஞ்சாவூரில் இருந்து பாடியவர். குறவஞ்சி என்ற நாடகப் பாட்டு வடிவத்தை எடுத்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். 1853-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் தமிழ்க் கீர்த்தனைகளைத் திரட்டி அச்சிட்டபோது சாஸ்திரியாரின் பாட்டுகள்தான் அதற்கு ஆதாரமாக இருந்தன. ‘கருணாமிர்த சாகரம்’ (1917) என்ற பெரிய இசை ஆராய்ச்சியை எழுதிய தஞ்சை ஆபிரகாம் பண்டிதரும் கிறிஸ்தவர், கீர்த்தனை எழுதியவர். ராகம் இந்த மண்ணின் பேச்சு. அந்தப் பேச்சில் யாரைத் துதிக்கிறோம் என்பதைப் பாட்டின் சொல் தீர்மானிக்கிறது. கொலோசெயர் 3:16-ஐ நம் தமிழ் வேதாகமத்தில் எடுத்துக் காட்டுங்கள்: சங்கீதம், கீர்த்தனை, ஞானப்பாட்டு மூன்றும் அங்கே இருக்கின்றன.

இனி காத்திருப்பது. 2 இராஜாக்கள் 3:15-ஐ வாசியுங்கள். தீர்க்கதரிசி எலிசா முதலில் சுரமண்டல வாத்தியக்காரனை வரச் சொல்கிறான். அவன் வாசிக்கும்போது கர்த்தருடைய கரம் இறங்குகிறது. அதன் பிறகு வருவது வார்த்தை. வாத்தியம் வார்த்தைக்கு இடம் பண்ணுகிறது. அந்த வரிசையை மாற்றிப் பாட்டையே பதிலாக எடுத்துக்கொள்வதில்தான் நம் ஜனங்கள் அதிகம் வழுக்குகிறார்கள்.

ஜெபத்துக்கு முப்பத்தைந்து நிமிடம் ஒதுக்குங்கள். தம்புரா ஓட இரண்டு நிமிடம் சும்மா உட்காருங்கள். பிறகு ஒரே ஒரு கீர்த்தனை: பல்லவி, அநுபல்லவி, இரண்டு சரணம், ஏழெட்டு நிமிடம். இயேசுவின் பாடுகளை, அதாவது அவர் பட்ட துன்பங்களைச் சொல்லும் கீர்த்தனைகளில் மட்டும் சரணத்தை விட்டுப் பாடாதீர்கள். அங்கே கதை அறுந்துபோகும். லெந்து (தவக்கால) நாட்களில் தினம் மூன்று சரணமாகத் தொடர்ச்சியாகப் பாடலாம். பாட்டு முடிந்ததும் ஒரே வேதபாகத்தை இரண்டு தடவை வாசியுங்கள், இரண்டாம் தடவை மெதுவாக. அதன்பின் பத்து நிமிடம் மௌனம். சின்னப் பிள்ளைக்கு மூன்று நிமிடம் போதும், பிறகு எழுந்து போகட்டும். மௌனத்தின்போது தம்புராவையும் நிறுத்திவிடுங்கள். கடைசியில் ஆளுக்கு ஒரு வாக்கியம் ஜெபம், கர்த்தருடைய ஜெபம்.

பாட்டையும் வேதபாகத்தையும் அன்றைய மனநிலையை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். இது முக்கியம். ஊரை விட்டுப் போக ஆசை இருக்கிறவர் கை, யாத்திரையைப் பற்றிய பாட்டையே புரட்டும். போக மனமில்லாதவர், தங்கி இளைப்பாறுகிற பாட்டைத்தான் எடுப்பார். அப்புறம் ‘பாட்டிலேயே கர்த்தர் பேசினார்’ என்பார்கள். பேசியது அவரவர் ஆசை. பாட்டைப் புத்தக எண் வரிசையில் எடுங்கள். வேதபாகத்துக்குத் திருச்சபை வாசக அட்டவணை இருக்கிறது, அல்லது ஒரு சுவிசேஷத்தைத் தொடர்ச்சியாக வாசியுங்கள். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பது, புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த (வேதவசன) அட்டையை வைத்து மாற்றலை முடிவு செய்வது, இரண்டும் வேண்டாம். அட்டை ஆறுதலுக்கு நல்லது. முடிவெடுக்கும் கருவி அல்ல.

கேள்வியையும் சின்னதாக்குங்கள். ‘போகலாமா வேண்டாமா’ என்று மட்டும் கேட்டால் மனது ஊஞ்சலாடும். ஏன் போக நினைக்கிறோம், போனால் யார் தனித்துப் போவார்கள், இங்கே நாம் முடிக்காமல் வைத்திருக்கும் கடமை எது என்று பிரித்து, ஒரு வாரத்துக்கு ஒன்றாக ஜெபத்தில் வையுங்கள். ஒரு நோட்டில் தேதி, வேதபாகம், மனதில் பட்டது ஆகிய மூன்றையும் எழுதுங்கள். எழுதியதை அன்றே நம்ப வேண்டாம். மறுநாள் காலை, பாட்டு இல்லாமல், சமையல் வேலைக்கு நடுவே அதை நினைத்துப் பாருங்கள். அப்போதும் நிற்கிறதா? வேதத்தின் கட்டளைக்கும் அன்புக்கும் ஒத்துப்போகிறதா? எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்று 1 தெசலோனிக்கேயர் 5:21 சொல்வது இந்தக் காரியத்துக்கும்தான்.

மாலைவிளக்கு:

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். நல்ல இசைக்குழுவோடு பாடுகிற பாட்டில் உடல் சிலிர்க்கிறது, கண்ணீர் வருகிறது. அதைத் தேவ பிரசன்னம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாதா? ஜெபக்குழுவில் ஒருவர் ‘போகச் சொல்லிக் கர்த்தர் எனக்குக் காட்டினார்’ என்றார். அதை எப்படி எடுத்துக்கொள்வது?

சுருதிப்பெட்டி:

முதல் சந்தேகத்துக்கு இசைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவது, திடீரென்று ஒரு ஸ்வரம் மேலே சுருதி மாற்றுவது, டிரம்ஸை நிறுத்திக் குரலை மட்டும் விடுவது, பின்னணியில் கீபோர்டின் மெல்லிய தொடர் ஒலியை (பேட்) நீளமாகப் பிடிப்பது: இவையெல்லாம் சிலிர்ப்பை எழுப்பும் முறைகள். சினிமாப் பாட்டிலும் இதே வேலையைச் செய்யும். அந்தக் கண்ணீர் பொய்யில்லை, அதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் மாற்றல் விண்ணப்பத்தை அந்த நேரத்தில் நிரப்பாதீர்கள். குடும்ப ஜெபத்துக்குச் சுருதியும் கைத்தாளமும் மட்டும் போதும் என்று நான் சொல்வதும் இதனால்தான். இசையின் தூண்டுதல் குறைந்தால் சொல் முன்னால் வரும்.

பழைய உபதேசியார்:

இரண்டாவதுக்கு 1 சாமுவேல் 3. சிறுவன் சாமுவேலுக்குச் சத்தம் கேட்டது, ஆனால் யாருடையது என்று தெரியவில்லை. ஆசாரியன் ஏலி அவனுக்காகப் பதில் சொல்லவில்லை. திரும்பப் போய்க் கேள் என்று அனுப்பினான். நல்ல ஆலோசனைக்காரர் அப்படித்தான் உங்களைக் கர்த்தரிடமே திருப்பி அனுப்புவார். ஜெபக்குழுவில் சொன்னவரை மதித்துக் கேளுங்கள், நோட்டில் எழுதுங்கள், கட்டளையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஊரைத் தெரிந்த ஒருவர், உங்கள் ஆயர், உங்கள் வரவு செலவு அறிந்த ஒருவர் என்று மூன்று பேரிடமாவது தனித்தனியாகப் பேசுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள். சொன்னால் அவர் அபிப்பிராயம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். கணவரும் நீங்களும் வேறு வேறு முடிவில் நிற்கும்வரை விண்ணப்பம் போடாதீர்கள். மாமனாரிடமும் கேளுங்கள். ஊர் மாறினால் பாரம் அவர் மேல்தான் அதிகம் விழும்.

தெம்மாங்கு:

தாமதமாக வருகிறேன். மேலே சொன்னவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நம் மண்ணின் பாட்டு என்றால் கீர்த்தனை மட்டும்தானா? கும்மி, தெம்மாங்கு, ஒயில், பறை அடியில் கட்டிய பாட்டுகளும் நம்முடையவைதான். மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு இதற்காகவே உழைத்தார். கர்நாடக ராகம் படித்தவர்களின் வாசனையோடு நின்றுவிட்டது, ஒடுக்கப்பட்ட ஜனங்கள் தங்கள் பேச்சில், தங்கள் அடியில் பாட வேண்டும் என்று கிராமிய இசையிலேயே ஆராதனை அமைத்தார். அந்த வாதத்துக்கு இன்றும் பலம் இருக்கிறது.

உங்கள் பிள்ளைகளுக்கு இது ஆதி தாளத்தைவிடச் சீக்கிரம் பிடிபடும். கும்மி பெரும்பாலும் மூன்று மூன்றாக நடக்கும்: தகிட தகிட. முதல் ‘த’வில் கை தட்டி ஒரு எட்டு எடுத்து வையுங்கள். ஒருவர் ஒரு வரி பாட மற்றவர்கள் அதையே திரும்பப் பாடலாம், புத்தகமே வேண்டாம். சனிக்கிழமை ஒரு நாள் கும்மி, மற்ற நாள் கீர்த்தனை என்று வையுங்கள். கிறிஸ்துமஸ் பஜனைக்கு இந்தப் பழக்கம் அப்படியே உதவும். ஆனால் கும்மிக்குப் பிறகு உடனே மௌனத்துக்குப் போகாதீர்கள். மூச்சு வாங்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள். தண்ணீர் குடித்து, மெதுவான ஒரு பல்லவியை இரண்டு தடவை பாடிவிட்டு உட்காருங்கள்.

மாலைவிளக்கு:

திங்கள்கிழமை ஆரம்பிக்கிறோம். மாமனாரிடம் சொன்னேன், ‘1 கட்டையா, அது எனக்குக் கொஞ்சம் இறக்கம்’ என்றார், ஆனால் சம்மதித்தார். ஆரம்பத்துக்கு எந்த ராகம் எளிது?

சுருதிப்பெட்டி:

மோகனம். ச ரி க ப த, ஐந்தே ஸ்வரம். அடுத்த மாதம் சங்கராபரணம், ஆதி தாளத்தில் முதல் தட்டிலேயே எடுக்கிற பாட்டாகப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு பாட்டு போதும். திங்கள் பல்லவி மட்டும், புதன்கிழமைக்குள் அநுபல்லவி, சனிக்குள் இரண்டு சரணம். எண் வரிசையில் போகும்போது கஷ்டமான ராகம் வந்தால் அதைத் தாண்டி அடுத்த எண்ணுக்குப் போங்கள். சொல்லைப் பார்த்துத் தாண்டாதீர்கள், ராகத்தைப் பார்த்து மட்டும். மாமனாருக்கு 1 கட்டை நிஜமாகவே இறக்கமாக இருந்தால் 1½ வைத்துப் பாருங்கள். உச்ச வரியில் சின்னவன் முகத்தைக் கவனியுங்கள், கழுத்து நரம்பு புடைத்தால் திரும்ப 1-க்கு வந்துவிடுங்கள்.