5 மாதக் குழந்தையோடு காலையில் போய் மாலையில் திரும்ப: புது நாட்டில் எப்படித் தொடங்குவது?

புதுவாசல்

வணக்கம். நாடு மாறி வந்து இரண்டு மாதம் ஆகிறது. குழந்தைக்கு 5 மாதம்; பாதி தாய்ப்பால், பாதி பவுடர் பால். சொந்தக் கார் இல்லை. ரயில், பஸ், எப்போதாவது வாடகைக் கார். குளிர் ஆரம்பித்துவிட்டது. பெரியவர்கள் யாரும் கூட இல்லை, நாங்கள் இருவர்தான். சனிக்கிழமைகளில் காலையில் கிளம்பி மாலைக்குள் வீடு திரும்புகிற மாதிரி எங்காவது போய்வர ஆசை. எவ்வளவு தூரம் போகலாம்? வெளியே பாலுக்கு என்ன செய்வது? ஊரிலிருந்து கொண்டுவந்த கார் சீட்டை இங்கே பயன்படுத்தலாமா? 'எடுத்துச் செல்ல வேண்டியவை' என்று வரும் பட்டியல்களை எல்லாம் படித்துவிட்டேன். எவ்வளவு, ஏன் என்று அவற்றில் ஒன்றும் இல்லை.

இரண்டாம்தூக்கம்

தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடாதீர்கள், தூக்கத்தில் போடுங்கள். இந்த வயதில் பெரும்பாலான குழந்தைகள் ஒரு தூக்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம்தான் விழித்திருப்பார்கள். பகலில் மூன்று தூக்கம் இருக்கும். போகிற பயணம் முதல் தூக்கத்திலும், திரும்புகிற பயணம் மூன்றாவதிலும் விழ வேண்டும். நடுத் தூக்கம் போன இடத்தில். ஆக, வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் ஒரு வழிக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றேகால்.

7 மணிக்கு எழுகிற குழந்தை என்றால் 8.40க்குள் வாசலைத் தாண்டுங்கள். 9 மணி ரயிலில் கண் சொக்கும். 10 மணிக்கு இறங்கியதும் பால். 12 மணி வாக்கில் இரண்டாவது தூக்கம். நீங்கள் சாப்பிட அதுதான் சமயம். 1.15க்குப் பால். 2.45க்குத் திரும்பும் ரயில், 4 மணிக்கு வீடு. மூன்றாவது தூக்கம் 5 மணியைத் தாண்டினால் இரவுத் தூக்கம் தள்ளிப்போகும்.

காரியம் கெடுவது பெரும்பாலும் கிளம்பும்போதுதான். 8.40 என்பது 9.15 ஆனால் குழந்தை ஸ்டேஷனுக்கு நடக்கும் வழியிலேயே தூங்கி, ரயில் வரும் சத்தத்தில் இருபதே நிமிடத்தில் விழித்துவிடும். பிறகு நாள் முழுக்க எந்த நேரமும் பிடிபடாது. அதனால் பையை முந்தின இரவே கட்டிவிடுங்கள்; காலையில் பாலும் ஐஸ் பேக்கும் மட்டும் உள்ளே போகட்டும். திரும்பும் டிக்கெட்டைக் குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டும் செல்லுபடியாகிற மாதிரி வாங்காதீர்கள், கொஞ்சம் மலிவாக இருந்தாலும். ஒரு நாளுக்கு ஒரே இடம். முதல் தடவை வீட்டிலிருந்து அரை மணி தூரத்துக்குள், மொத்தம் மூன்று மணி நேரம் போதும். பையில் எது குறைகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அளவுக்கரண்டி

பால் விஷயம் நான் சொல்கிறேன். நீளமாகத்தான் வரும்.

முதலில் நாடு மாறியவர்கள் தவறுகிற இடம்: டப்பாவோடு வரும் கரண்டி. சில நாடுகளில் ஒரு கரண்டிக்கு 30 மி.லி. தண்ணீர், சில நாடுகளில் 60 மி.லி. பழைய டப்பாவின் கரண்டியைப் புதிய டப்பாவில் போட்டாலோ, பழைய கணக்கிலேயே கலந்தாலோ, பால் இரண்டு மடங்கு கெட்டியாகலாம், இல்லை பாதியாக நீர்த்துப் போகலாம். இரண்டுமே குழந்தைக்கு ஆபத்து. டப்பாவை மாற்றினால் கரண்டியும் கணக்கும் சேர்ந்து மாற வேண்டும். பாட்டிலில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் பவுடர். வரிசை மாறினால் அளவு தவறும்.

இரண்டாவது, பவுடர் கிருமி நீக்கியது அல்ல. அதனால்தான் கலக்கும் தண்ணீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெளியே போகும்போது இப்படிச் செய்யலாம்:

பிளாஸ்கில் கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் வைத்துக் கொட்டுங்கள். பிறகு புதிதாகக் கொதித்த நீரைக் கழுத்து வரை நிரப்புங்கள். அரை பிளாஸ்க் தண்ணீர் சீக்கிரம் ஆறும். உங்கள் பிளாஸ்க் எத்தனை மணி நேரம் 70க்கு மேல் தாங்குகிறது என்பதைச் சமையல் தெர்மாமீட்டர் வைத்து வீட்டில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேளைக்குமான பவுடரைத் தனித்தனி டப்பியில் அளந்து வைத்துவிடுங்கள். ஓடும் ரயிலில் கரண்டி கணக்கு எண்ண முடியாது. கலந்த பாட்டிலை மூடி, குளிர்ந்த தண்ணீர் உள்ள அகலமான டம்ளரில் நிறுத்துங்கள். தண்ணீரை இரண்டு முறை மாற்றினால் சீக்கிரம் ஆறிவிடும். மணிக்கட்டின் உள்பக்கம் சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்கலாம்.

கொஞ்சம் சுடுநீரில் பவுடரைக் கரைத்து, மீதிக்கு ஆறிய நீர் ஊற்றுகிற குறுக்குவழியைப் பலர் சொல்வார்கள். தண்ணீர் குறைவாக இருப்பதால் பவுடர் விழுந்ததுமே வெப்பம் 70க்குக் கீழே போய்விடக்கூடும். அப்புறம் சுடுநீர் எடுத்துப் போனதற்கே அர்த்தமில்லை.

கலந்த பால் அறை வெப்பத்தில் 2 மணி நேரம். குழந்தை வாய் வைத்துவிட்டால் அதிலிருந்து ஒரு மணி நேரம், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். உணவகங்களில் மைக்ரோவேவில் சூடாக்கித் தரட்டுமா என்று அன்போடு கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். பாட்டில் வெளியே இளஞ்சூடாக இருக்கும், நடுவில் ஒரு பகுதி கொதிக்கும். ஒரு கிண்ணம் வெந்நீர் கேட்டு வாங்கிக்கொண்டால் போதும்.

இத்தனை வேலையும் வேண்டாம் என்றால், கலந்தே விற்கும் திரவப் பால் இருக்கிறது. கிருமி நீக்கி அடைத்தது, சுடுநீர் தேவையில்லை, அப்படியே ஊற்றிக் கொடுக்கலாம். விலை அதிகம், எடையும் அதிகம். பயண நாளுக்கு மட்டும் வாங்குங்கள். என் கணக்கில் அந்தக் கூடுதல் செலவு தகும்.

பிழிந்த தாய்ப்பால் 25 டிகிரி வரை அறை வெப்பத்தில் 4 மணி நேரம். உறைந்த ஐஸ் பேக்குகளோடு வெப்பம் புகாத பையில் 24 மணி நேரம். உறைய வைத்து உருக்கிய பால் என்றால் வெளியே எடுத்தபின் 2 மணி நேரம்தான். பாட்டிலை ஐஸ் பேக்கோடு ஒட்டி வையுங்கள். நடுவில் துணி சுற்றினால் குளிர் ஏறாது.

எடுத்துப் போக வேண்டிய அளவு: வெளியே இருக்கும் நேரத்தில் வரும் வேளைகள், கூட ஒன்று. டயப்பருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அதற்கு மேல் இரண்டு. 7 மணி நேரத்துக்கு ஆறு. குழந்தைக்கு மாற்றுத் துணி இரண்டு செட், உங்களுக்கு ஒரு மேல்சட்டை. கடைசியைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

பின்சீட்

கார் சீட் பற்றி. ஊரிலிருந்து கொண்டுவந்ததை அப்படியே மாட்டாதீங்க. ஒவ்வொரு நாடும் எந்தத் தரச்சான்று உள்ள சீட்டை ஏற்கும்னு தனியா விதி வச்சிருக்கு. ஐரோப்பாவில் சீட் மேல ஆரஞ்சு ஸ்டிக்கர்ல ஆர்44 அல்லது ஆர்129 இருக்கணும்; அமெரிக்காவிலும் கனடாவிலும் அது செல்லாது, அங்கங்கே உள்ள சான்று தனி. உதாரணத்துக்கு, அமெரிக்க சீட்ல இரண்டு தோள் வாரையும் சேர்த்துப் பிடிக்கிற நெஞ்சு கிளிப் உண்டு, அது அக்குள் மட்டத்துக்கு வரணும். ஐரோப்பிய சீட்ல அது கிடையாது. இல்லாத சீட்டுக்குத் தனியா ஒரு கிளிப் வாங்கி மாட்டறதும் தப்பு.

வாடகைக் கார் கம்பெனி தர்ற சீட்டைச் சொந்தமா வச்சிருக்கிற சீட் அளவுக்கு நம்ப முடியாது. விபத்தில் அடிபட்டதான்னு தெரியாது, கையேடு இருக்காது. கைப்பிடி உள்ள குழந்தை சீட் ஒண்ணு இங்கேயே புதுசா வாங்கிடுங்க. பெரும்பாலானவற்றை, காரில் நிலையா பொருத்தி வைக்கிற அடிப்பலகை இல்லாம கார் பெல்ட்டாலேயே கட்டலாம். கட்ட முடியுமான்னு வாங்கும்போதே கேளுங்க. பின்னோக்கி வைக்கிற சீட்டில் பெல்ட் போற வழியைப் பெரும்பாலும் நீல நிறத்தில் காட்டியிருப்பாங்க.

கட்டினதும் மூணு சோதனை. பெல்ட் போற இடத்தில் பிடிச்சு ஆட்டினா 2.5 செ.மீ.க்கு மேல அசையக் கூடாது. தோள்பட்டை வார் குழந்தையோட தோள் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருந்து வரணும். காலர் எலும்புக்கிட்ட வாரைக் கிள்ளிப் பாருங்க. மடிப்பு விரலில் சிக்கினா இன்னும் இறுக்கணும்.

முன்சீட்டில் ஏர்பேக் இயங்குற நிலையில் பின்னோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்காதீங்க. ஒரே இருப்பா இரண்டு மணி நேரத்துக்கு மேல வேண்டாம். போய்ச்சேர்ந்ததும் குழந்தை தூங்கிட்டிருந்தாலும் சீட்டிலிருந்து எடுத்துச் சமமான இடத்தில் படுக்க வைங்க, சாய்ஞ்ச நிலையில் தாடை நெஞ்சில் விழுந்தா மூச்சுப் பாதை குறுகும்.

டாக்சிக்குச் சில நாடுகளில் விலக்கு உண்டு. அபராதம் இல்லைன்னுதான் அதுக்கு அர்த்தம், மடியில் வச்சா பத்திரம்னு இல்ல.

புதுவாசல்

இவ்வளவு விவரத்துக்கு நன்றி. இன்னும் இரண்டு. பஞ்சு வைத்த தடிமனான கோட்டோடு கார் சீட்டில் உட்கார வைக்கலாமா? ரயிலுக்குத் தள்ளிப் போகும் ஸ்ட்ரோலரா, உடம்போடு கட்டிக்கொள்ளும் கேரியரா?

பின்சீட்

கோட் வேண்டவே வேண்டாம். வீட்டிலேயே செஞ்சு பாருங்க: கோட்டோட உட்கார வச்சு வாரை இறுக்குங்க. வாரோட இறுக்கத்தை மாத்தாம பூட்டை மட்டும் கழற்றி, கோட்டை எடுத்துட்டு மறுபடி மாட்டுங்க. எவ்வளவு தொளதொளன்னு நிக்குதோ அவ்வளவுதான் மோதலில் குழந்தை முன்னாடி வரும், ஏன்னா பஞ்சு அமுங்கிடும். மெல்லிய துணி இரண்டு அடுக்கு, வார், அதுக்கு மேல போர்வை.

படிக்கட்டு

ரயிலுக்குக் கேரியர்தான். ஸ்டேஷன் லிப்ட் பழுது, படிக்கட்டு, குறுகிய பஸ் கதவு எதுவும் அதில் பிரச்சினை இல்லை. குழந்தையின் முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும், குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரம், தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே விரல் போகும் இடைவெளி, முழங்கால் புட்டத்தை விட உயரம். இந்த நாலும் சரியாக இருந்தால் போதும்.

குளிரில் பெரிய தவறு, முழு உடலையும் மூடுகிற தடித்த குளிர் உடையைப் போட்டுக் கேரியரில் வைப்பது. துணி முகத்தில் ஏறும், உள்ளே வேர்க்கும். உங்கள் உடம்பே ஓர் அடுக்கு, உங்கள் கோட் இன்னொன்று. குழந்தைக்கு உள்ளே சாதாரண உடை, தொப்பி, முழங்கால் வரை சாக்ஸ் போதும். கேரியரில் பேண்ட் மேலே ஏறிக் கணுக்கால் வெளியே தெரியும், அதனால்தான் நீள சாக்ஸ். ஸ்ட்ரோலரில் என்றால் நீங்கள் போட்டிருப்பதைவிட ஓர் அடுக்கு கூட. கை கால் சில்லென்று இருப்பது இயல்பு. பிடரியைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும். சூடாக்கிய ரயிலுக்குள் ஏறியதும் தூங்குகிற குழந்தையாக இருந்தாலும் தொப்பியையும் மேலடுக்கையும் எடுத்துவிடுங்கள்.

இரண்டாம்தூக்கம்

கேரியர் மட்டும் என்பதை ஏற்க மாட்டேன். 7 கிலோ குழந்தையை ஆறு மணி நேரம் சுமந்துவிட்டு மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவீர்கள். சமமாகச் சாய்கிற, ஒரு கையால் மடிக்கிற ஸ்ட்ரோலர் கூட இருக்கட்டும். படிக்கட்டில் ஒருவர் குழந்தையை, மற்றவர் வண்டியை. கைப்பிடியில் கனமான பையைத் தொங்கவிடாதீர்கள், குழந்தையைத் தூக்கிய கணத்தில் வண்டி பின்பக்கமாகக் கவிழும். பிளாட்பாரத்தில் வண்டியைத் தண்டவாளத்துக்கு இணையாக நிறுத்தி பிரேக் போடுங்கள். பார்வைக்குத் தெரியாத சரிவு பல பிளாட்பாரங்களில் இருக்கிறது. மழை உறையை வெயிலிலும் சூடான கட்டிடத்துக்குள்ளும் கழற்றிவிட வேண்டும். கோடையில் வெயிலுக்காக வண்டி மேல் துணி போர்த்துவதும் அதே தவறு, காற்று நின்று உள்ளே சூடேறும்.

படிக்கட்டு

ஒருவர் மட்டும் குழந்தையோடு போகிற நாளில்? அப்போது கேரியர்தான். மற்றபடி ஒப்புக்கொள்கிறேன்.

மேசைவிளக்கு

யாரும் தொடாத ஒன்று: மருந்து. காய்ச்சலுக்கான பாராசிட்டமால் நாட்டுக்கு நாடு வேறு வேறு செறிவில் வரும். ஒரு நாட்டுச் சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி.; இன்னொரு நாட்டு சிரப்பில் 5 மி.லி.க்கு 120, அல்லது 160 மி.கி. சிரப் கணக்கில் பழகிய கை பழைய சொட்டு மருந்தை அதே மி.லி. ஊற்றினால் மூன்று, நான்கு மடங்கு உள்ளே போகும். பழைய பாட்டிலைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். புது மருத்துவரிடம் எடைக்கேற்ற அளவை மி.கி.யில் கேட்டு, இங்கே வாங்கிய பாட்டிலில் அது எத்தனை மி.லி. என்று லேபிளிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். தடுப்பூசி அட்டையின் போட்டோ இருவர் போனிலும் இருக்கட்டும். அவசர எண்ணும் மாறும்: 112, 911, 999, 000 என்று இடத்துக்கு ஒன்று.

எல்லை தாண்டி அடுத்த நாட்டுக்குப் போய்வரும் எண்ணம் இருந்தால், குழந்தையின் பெயரில் தனி பாஸ்போர்ட், தனி வசிப்பு அனுமதி இரண்டும் அசலாகக் கையில் வேண்டும். உங்கள் அனுமதி குழந்தைக்குத் தானாகப் பொருந்தாது. அந்த நாட்டுக்கு விசா தேவையா என்று குழந்தையின் குடியுரிமையை வைத்துப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் பெற்றோர், குழந்தை குடும்பப் பெயர்கள் வேறாக இருந்தால் பிறப்புச் சான்றிதழ் நகலும், ஒருவர் மட்டும் அழைத்துப் போனால் மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் கூட இருக்கட்டும்.

புதுவாசல்

கரண்டியைப் போய்ப் பார்த்தேன். புது டப்பாவில் 60 மி.லி. என்று போட்டிருக்கிறது, உள்ளே கிடப்பது பழைய டப்பாவின் 30 மி.லி. கரண்டி. எடுத்து எறிந்தாயிற்று. வரும் சனிக்கிழமை அரை மணி தூரம், மூன்று மணி நேரம், திரவப் பால் இரண்டு வேளைக்கு. கூடவே ஒரு வேளை உபரி.