சைக்கிள் மென்பொருள் பாதியில் மூடிக்கொள்கிறது, இரண்டு தடவை லேப்டாப்பே அணைந்துவிட்டது

குடமுருட்டி (பாபநாசம்) எழுதியது:

வணக்கம். பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன், பள்ளியில் கணக்கு டீச்சர். முட்டி வலிக்கு நடையைக் குறைத்து சைக்கிள் மிதிக்கச் சொன்னார் டாக்டர். அதனால் போன வருஷம் ஸ்மார்ட் ட்ரெய்னர் வாங்கினோம். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு சைக்கிளை அதில் மாட்டி, லேப்டாப்பில் ஓடும் மென்பொருளோடு ப்ளூடூத்தில் இணைத்து மிதிக்கிறேன். திரையில் மேடு வந்தால் பெடல் கனக்கும், இறக்கம் வந்தால் லேசாகிவிடும். வெளியே ஓட்டலாமே என்று கேட்காதீர்கள். அறுவடை சமயத்தில் இங்கே பாதி ரோட்டில் நெல் காயும், ஐப்பசி வந்தால் மழை.

ஞாயிற்றுக்கிழமை காலை 5:30-க்கு என் தம்பி சிங்கப்பூரிலிருந்து சேர்ந்துகொள்வான். அங்கே அப்போது 8 மணி. திரையில் இரண்டு பேரும் ஒரே பாதையில் பக்கம் பக்கமாக ஓட்டுவோம், போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டே. அம்மா போன பிறகு நாங்கள் நிதானமாகப் பேசுவது வாரத்தில் இந்த ஒரு மணி நேரம்தான்.

புரட்டாசி கடைசியிலிருந்து இதில் தொல்லை. படம் ஒரு நொடி அப்படியே நிற்கும், திரை கறுக்கும், திரும்ப வரும்போது மென்பொருள் மூடிக் கிடக்கும். எந்தச் செய்தியும் வராது. இரண்டு தடவை லேப்டாப்பே பட்டென்று அணைந்துவிட்டது. தம்பியின் திரையில் நான் திடீரென்று காணாமல் போய்விடுகிறேன், அவன் பதறிப்போய் "அக்கா, விழுந்துட்டியா?" என்று கத்துகிறான்.

ஒவ்வொரு நாளும் நோட்டில் எழுதி வைத்தேன், 11 ஓட்டங்கள். காலையில் ஓட்டிய நான்கும் 29, 31, 27, 33 நிமிடத்தில் நின்றன. சாயங்காலம் ஓட்டிய நான்கு 17, 14, 19, 16. தம்பியோடு கூட்டமான பாதையில் போன இரண்டு ஞாயிறு 22, 21. விடாமல் மழை பெய்து குளிர்ந்திருந்த ஒரு நாள் மட்டும் 46 நிமிடம் ஓடியது, அன்று நானாகத்தான் நிறுத்தினேன்.

லேப்டாப் 2019-ல் வாங்கியது. 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. மென்பொருளை இரண்டு தடவை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன், கிராபிக்ஸ் டிரைவரையும் புதுப்பித்தேன். கடையில் கேட்டால் புதுசு வாங்குங்கள் என்கிறார்கள். போன வருஷம் வரை இதே லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. புதுசு வாங்குவதற்கு முன்னால் காரணம் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும்.


அரசலாறு (கும்பகோணம்) எழுதியது:

டீச்சர், அந்த நோட்டுதான் இதில் பெரிய உதவி. பாதையில் ஒரே இடத்துக்கு வரும்போதெல்லாம் மூடிக்கொண்டால் மென்பொருளின் கோப்பு ஏதோ கெட்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். உங்கள் கணக்கில் இடம் மாறுகிறது, வேளைக்குத் தகுந்தபடி நிமிடமும் மாறுகிறது. புழுக்கமான சாயங்காலம் சீக்கிரம் நிற்கிறது, குளிர்ந்த நாளில் நிற்கவே இல்லை. கூட்டமான பாதையில் நிறையப் பேரை வரைய வேண்டியிருப்பதால் கிராபிக்ஸுக்கு வேலை கூடுதல், அதனால் காலையாக இருந்தும் 22-ல் நின்றிருக்கிறது. எனக்கு இது சூடு என்றுதான் படுகிறது.

ஊகம் வேண்டாம், பார்த்துவிடலாம். ஸ்டார்ட்டில் ஈவன்ட் வியூவர் என்று தேடித் திறங்கள், விண்டோஸ் தன்னுள் நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவேடு அது. விண்டோஸ் லாக்ஸ் என்பதற்குள் அப்ளிகேஷன், சிஸ்டம் என்று இரண்டு இருக்கும். நோட்டில் இருக்கும் நேரத்தை எடுத்துக்கொண்டு அதே நேரத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அப்ளிகேஷனில் 1000 என்ற எண் இருந்தால் மென்பொருள் விழுந்ததன் பதிவு அது, மென்பொருளின் எந்தப் பகுதியில் (மாட்யூல்) விழுந்தது என்றும் சொல்லும். சிஸ்டத்தில் 4101 இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கிராபிக்ஸ் சிப் 2 நொடிக்கு மேல் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அந்த டிரைவரை நிறுத்தித் திரும்பத் தொடங்கும், அதைத்தான் 4101 என்று எழுதிவைக்கும். திரை கறுத்துத் திரும்ப வருகிறது என்றீர்களே, அது இதற்குப் பொருந்துகிறது. லேப்டாப்பே அணைந்த நாட்களில் கெர்னல்-பவர் 41 இருக்கும், முறையாக மூடாமல் அணைந்ததன் பதிவு அது.

அப்புறம் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, மிதிக்கும்போது பின்னால் ஓடவிடுங்கள். செயலியின் வெப்பநிலையை நொடிக்கு நொடி பதிவு செய்யும்.


வெட்டாறு (திருவாரூர்) எழுதியது:

நான் வயரிங் வேலை பார்ப்பவன். நம் பக்கத்தில் வோல்டேஜையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். மும்முனை மின்சாரம் வந்து பம்புசெட்டெல்லாம் ஒரே சமயத்தில் ஓடும்போது வீட்டில் விளக்கு மங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் நல்ல பேட்டரி உள்ள லேப்டாப் வோல்டேஜ் இறங்கியதற்காக அணையாது. இடையில் பேட்டரி தாங்கிக்கொள்ளும். அடாப்டரின் அடியிலும் 100-லிருந்து 240 வோல்ட் வரை என்று போட்டிருப்பார்கள். ட்ரெய்னருக்கு அந்தத் தாங்கல் கிடையாது. மின்சாரம் போனால் பெடல் கனம் போய்விடும், அவ்வளவுதான், மென்பொருள் மூடாது.

சந்தேகம் தீர ஒரு சோதனை செய்யுங்கள். பேட்டரியை முழுக்க ஏற்றிவிட்டு, சார்ஜர் பின்னைப் பிடுங்கிவிட்டு மிதியுங்கள். பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் நிற்பது கொஞ்சம் தள்ளிப் போகலாம். ஆனாலும் நின்றால் கரண்ட்டைக் குறை சொல்ல வேண்டாம்.


குடமுருட்டி எழுதியது:

இரண்டையும் செய்தேன். சார்ஜர் இல்லாமல் சாயங்காலம் 24-வது நிமிடத்தில் நின்றது. ஆகவே மின்சாரம் இல்லை.

ஈவன்ட் வியூவரில் நின்ற 10 நாளையும் தேடினேன். மென்பொருள் மூடிய எட்டு நாளிலும் 4101 இருக்கிறது, அதே நிமிடத்தில் அதற்கு அடுத்ததாக 1000. அணைந்த இரண்டு நாளில் 41.

வெப்பநிலை: சும்மா இருக்கும்போதே 63 டிகிரி. மிதிக்க ஆரம்பித்த பத்தாவது நிமிடத்தில் 96, அதற்குப் பிறகு 97, 98 என்று அங்கேயே நிற்கிறது. ஏன் இந்த வருஷம் மட்டும் இப்படி?


பாமணி (மன்னார்குடி) எழுதியது:

மேடம், நான் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். புரட்டாசி கடைசியில் ஆரம்பித்தது என்கிறீர்கள், அது குறுவை அறுப்பு நேரம். ட்ரெய்னர் எந்த அறையில் இருக்கிறது? அங்கே நெல் இருக்கிறதா?


குடமுருட்டி எழுதியது:

இருக்கிறது. பின்கட்டில் பத்தாயம் இருக்கும் அறையில்தான் மிதிக்கிறேன். இந்த வருஷம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் கொள்முதல் நிலையத்தில் போட முடியும் என்று மூட்டைகளை அங்கேயே பிரித்துக் கொட்டிக் காயவைத்திருந்தோம். என் பின்னால் பெரிய ஸ்டாண்ட் ஃபேன், நெல்லுக்கும் காற்று, எனக்கும் காற்று. லேப்டாப் எனக்கு எதிரே, பத்தாயத்தின் மேல் துண்டு விரித்து வைத்திருக்கிறேன்.


பாமணி எழுதியது:

காரணம் அதுதான் மேடம். நெல்லில் இருக்கும் சுணை நம் உடம்பில் பட்டாலே அரிக்கும், கண்ணுக்கே தெரியாத மயிர் மாதிரி இருக்கும். ஃபேன் அதைக் கிளப்பி நேரே லேப்டாப் முகத்துக்கு அனுப்புகிறது, லேப்டாப்பின் சின்ன விசிறி உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையில் சுணை போய் அடையும். காற்றில் ஈரம் இருப்பதால் நமுத்து ஒன்றோடொன்று பிணைந்து கம்பளித் துண்டு மாதிரி படிந்துவிடும். விசிறி சுற்றிக்கொண்டேதான் இருக்கும், சத்தம்கூட அதிகமாகக் கேட்கும், ஆனால் வெளியே காற்று வராது. பக்கவாட்டுத் துளையில் கை வைத்துப் பாருங்கள், சூடான காற்று வர வேண்டும். அடியில் துண்டு வேறு விரித்திருக்கிறீர்கள், காற்று உள்ளே போகும் வழியும் அதனால் மூடியிருக்கும். பெரும்பாலான லேப்டாப்களில் காற்று அடியிலிருந்துதான் ஏறும்.

வெளியிலிருந்து ஊதினால் போகாது. அந்தப் படலம் உள்பக்கம் சிக்கியிருக்கும். அடிமூடியைக் கழற்றி, விசிறியை எடுத்துவிட்டு, படலத்தைச் சிமிட்டாவால் பிடித்து உரிக்க வேண்டும். பிளோயர் பிடித்தால் விசிறி இறக்கையை விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேகமாகச் சுற்றி பேரிங் போய்விடும். 2019 லேப்டாப் என்றால் செயலி மேல் சூட்டைக் கடத்துவதற்காகத் தடவியிருக்கும் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும், அதையும் மாற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் எந்த நல்ல கடையிலும் செய்வார்கள்.

அதுவரை ஓட்ட வேண்டுமென்றால் மென்பொருளில் படத்தின் தரத்தை 720-க்கு இறக்குங்கள். பவர் ஆப்ஷன்ஸில் செயலியின் உச்ச அளவு 100 சதவீதம் என்று இருக்கும், அதை 99 ஆக்குங்கள். அந்த ஒரு சதவீதத்தைக் குறைத்தால் செயலி வழக்கத்தைவிட வேகமெடுக்கும் டர்போ நின்றுவிடும், சூடு நன்றாகக் குறையும்.


திருமலைராசன் (நாகூர்) எழுதியது:

அக்கா, இடம் மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். லேப்டாப்பில் யூஎஸ்பி 3 ஹார்டுடிஸ்க் செருகியிருந்தால் கழற்றிவிடுங்கள். யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளம்பும், ப்ளூடூத்தும் அதே அலைவரிசைதான். வாட்ஸ், அதாவது நீங்கள் மிதிக்கும் சக்தியின் அளவு, திடீரென்று 0 காட்டும், திரையில் நீங்கள் நின்றுவிடுவீர்கள், ஆனால் மென்பொருள் மூடாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாதியில் நின்ற ஓட்டங்களின் ஃபிட் கோப்பு (ஓட்டத்தின் பதிவு) பெரும்பாலும் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும், தேடிப் பாருங்கள்.


குடமுருட்டி எழுதியது:

சனிக்கிழமை லேப்டாப்பைக் கும்பகோணம் கொண்டுபோய், கூடவே உட்கார்ந்து பார்த்தேன். மூடியைக் கழற்றி விசிறியை எடுத்ததும் தகடுகளின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை தெரிந்தது. கடைத் தம்பி சிமிட்டாவால் ஓரத்தைப் பிடித்து இழுத்தார், முழுதாக ஒரே துண்டாக வந்தது, என் சுண்டுவிரல் நீளம். அதற்குள் இரண்டு பதர், பதராகவே தெரிந்தன. முகர்ந்தால் நனைந்த வைக்கோல் வாடை. பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது.

ட்ரெய்னரைக் கூடத்துக்கு மாற்றிவிட்டோம். லேப்டாப் இப்போது ஸ்டூலில், பின்பக்கம் இரண்டு மரக்கட்டை வைத்து உயர்த்தியிருக்கிறேன். சும்மா இருக்கும்போது 44 டிகிரி. சாயங்காலம் 50 நிமிடம் மிதித்தேன், 79-ஐத் தாண்டவில்லை. படத்தின் தரத்தையும் பழையபடி ஏற்றிவிட்டேன்.

இன்று காலை தம்பியோடு ஒரு மணி 8 நிமிடம், 24 கிலோமீட்டர். 22-வது நிமிடம் தாண்டும் வரை இரண்டு பேருமே பேசவில்லை. அப்புறம் அவன் மூச்சு விட்டது இங்கே கேட்டது. பிறகு ஈவன்ட் வியூவரைத் திறந்து பார்த்தேன், 4101 இல்லை. நாகூர்த் தம்பி சொன்ன ஃபோல்டரில் நின்றுபோன ஓட்டங்களில் ஆறின் கோப்புகள் கிடைத்தன, கணக்கில் ஏற்றிவிட்டேன்.

பாமணி சார், தையில் சம்பா வந்துவிடும். அதற்கு முன்னால் ஏதாவது செய்ய வேண்டுமா?


பாமணி எழுதியது:

முன்னால் ஒன்றும் வேண்டாம் மேடம். நெல் வீட்டில் இறங்கும் வாரம் மட்டும் லேப்டாப்பை மூடி, பையில் போட்டு வையுங்கள். துளையில் வலை, துணி எதுவும் கட்டாதீர்கள், காற்று அடைபடும். மூட்டையெல்லாம் போன பிறகு மாசியில் ஒரு நாள் அதே ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் பாருங்கள். சும்மா இருக்கும்போது 55-க்கு மேல் காட்டினால் மூடியைக் கழற்றிவிடலாம்.