தூத்துக்குடியில் அள்ளும் சேற்றை எங்கே கொட்டுவது? மதுரைக்காரர்களும் பேச வேண்டிய விஷயம்

கரிமேட்டுக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் வெளித்துறைமுகப் பெட்டக (கன்டெய்னர்) முனையம் கட்ட 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். மதிப்பு சுமார் 7,056 கோடி ரூபாய். பெரிய கப்பல்கள் வந்து நிற்க வேண்டுமென்றால் கடலடியைத் தோண்டித்தான் ஆக வேண்டும். தோண்டிய மண்ணும் சேறும் எங்கே போகும் என்று நம் பக்கம் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. துறைமுகங்களில் வழக்கம் இதுதான்: தூர்வாரும் கப்பல் சேற்றை உறிஞ்சி வயிற்றில் நிரப்பிக்கொள்ளும், கடலுக்குள் கொஞ்ச தூரம் போகும், அடிக்கதவைத் திறந்து கொட்டிவிட்டுத் திரும்பும்.

அது சாதாரணக் கடல் இல்லை, மன்னார் வளைகுடா. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள், 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. நான் மீன் வியாபாரம் பார்க்கிறவன். விடியும் முன்னே மதுரையில் ஐஸ் பெட்டி இறங்குகிறதே, அதில் களவா, விளமீன், ஓரா எல்லாம் அந்தப் பவளப்பாறை ஓரத்திலும் கடல்புல்லிலும் வளர்கிற மீன்கள். அங்கே சேறு படிந்தால் இங்கே பெட்டி காலி. கடலில் கொட்டுவதையே தடை செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

கப்பலூரான்:
அண்ணே, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் மொத்தமாகத் தடை என்பதை நான் ஏற்க மாட்டேன். எனக்கு லாரித் தொழில். இங்கிருந்து பெட்டகம் ஏற்றி நான்குவழிச் சாலையில் தூத்துக்குடி போனால், அந்தச் சரக்கில் நிறைய கொழும்புக்குப் போய்த்தான் பெரிய கப்பல் ஏறுகிறது. ஒரு முறை இறக்கி மறுபடி ஏற்றுகிற கூலியும், காத்திருக்கிற நாளும் யார் தலையில் விழுகிறது? திருப்பூர்க்காரர், கரூர்க்காரர், நம்மூர்ச் சின்னக் கம்பெனிக்காரர் தலையில்தான்.

சேது சமுத்திரத் திட்டம் ஞாபகம் இருக்கிறதா? 2005 ஜூலை 2 அன்று நம் மதுரையில் வைத்துத்தான் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார். 2,427 கோடி ரூபாய்த் திட்டம். 2007இல் உச்ச நீதிமன்றத்தில் மாட்டியது, அப்படியே கிடக்கிறது. இன்னொரு திட்டத்தையும் அந்தக் கதிக்கு விட வேண்டுமா?

அப்புறம் ஒன்று. கண்மாயைத் தூர்வாரினால் கரம்பை மண்ணைச் சண்டை போட்டு வாங்கி வயலில் கொட்டுகிறோம். கடலில் எடுத்த மண்ணைக் கடலிலேயே போட்டால் மட்டும் அது எப்படி விஷமாகும்?

வண்டியூர் கண்மாய்:
தம்பி கப்பலூரான், பொதுப்பணித் துறையில் கண்மாய் வேலைகளோடு இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கண்மாய் உதாரணம் நீங்கள் நினைக்கிற பக்கம் சாயவில்லை.

முதலில் மண். கண்மாய் வண்டல் மழைத்தண்ணீர் கொண்டுவந்த மேல்மண். துறைமுகத் தொட்டிக்குள், அதாவது கப்பல் நிற்கிற பகுதிக்குள், படிகிற சேறு வேறு. கப்பலடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கப் பூசுகிற பெயின்டில் செம்பு கரைந்து இறங்குகிறது. டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மத்தைப் பல காலம் பூசினார்கள். நத்தை, சங்கு இனங்களில் பெண்ணுக்கு ஆணுறுப்பு முளைக்கிற அளவுக்குக் கேடு செய்தது அது. 2008இல்தான் உலக அளவில் தடை நடைமுறைக்கு வந்தது. பூச்சு நின்றாலும் பழையது அடிச்சேற்றில் வருஷக்கணக்கில் கிடக்கும். அதோடு எண்ணெய்க் கசிவு, நிலக்கரித் தூள். இவையெல்லாம் மணலில் அவ்வளவாக ஒட்டாது. மாவு போன்ற நுண்சேற்றில்தான் ஒட்டும். கொட்டும்போது தண்ணீரில் மிதந்து வெகுதூரம் போவதும் அந்த நுண்சேறுதான்.

இரண்டாவது, கொட்டுகிற இடம். கண்மாய் தூர்வாருகிற ஒப்பந்தக்காரர் வண்டிக்கூலியை மிச்சம் பிடிக்க மண்ணைக் கரையின் உள்சரிவிலேயே போட்டுவிட்டுப் போவார். பில் பாஸ் ஆகும். முதல் மழையில் அத்தனையும் மறுபடி கண்மாய்க்குள் இறங்கும். கடலிலும் இதே கணக்குதான். ஒவ்வொரு மைலுக்கும் எரிபொருள் செலவு. கிட்டத்தில் கொட்டினால் லாபம், ஆனால் நீரோட்டம் அதைக் கரைக்கும் கொண்டுவரும், கப்பல் வழிக்கும் திருப்பிக் கொண்டுவரும்.

சேது சமுத்திரத்தைச் சொன்னீர்களே, அதில் தோண்ட வேண்டியது சுமார் 8.25 கோடி கன மீட்டர் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். உங்கள் டிப்பர் ஒரு நடைக்கு 10 கன மீட்டர் ஏற்றும் என்று வைத்தாலும் 82 லட்சம் நடைக்கு மேல். அது போய்ச் சேருகிற இடத்தைக் கேட்பது வளர்ச்சிக்கு எதிரான பேச்சு ஆகாது.

கீழக்கரை மகள்:
நான் வாக்கப்பட்டு வந்தது மதுரை. பிறந்தது கீழக்கரை. எங்கள் பக்கம் சங்கு குளிக்கிற குடும்பங்கள் நிறைய. அதனால் ஒரு விஷயத்தைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

சங்கு குளிக்கிறவர்களுக்குத் தண்ணீர் தெளிவாக இருந்தால்தான் தொழில். மணலில் சங்கு ஊர்ந்துபோன தடத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். கலங்கல் ஆகிவிட்டால் கண்ணுக்கு முன் நீட்டிய கையே தெரியாது, அன்றைக்கு வள்ளத்தைத் திருப்ப வேண்டியதுதான். காற்றில் வருகிற கலங்கல் காற்று நின்றால் தெளியும். சேற்றுக் கலங்கல் அப்படி இல்லை. அடியில் படிந்ததை அடுத்த அலை மறுபடி எழுப்பும். வலையை இழுத்தால் கண்ணியெல்லாம் களி அடைத்து, கனம் தாங்காமல் ரெண்டு பேர் இழுக்கிற வலைக்கு நாலு பேர் வேண்டியிருக்கும். கரையில் கால் வைத்தால் மேலே வெள்ளை மணல், விரலால் கீறினால் கீழே கறுப்பு, அழுகின முட்டை வாடை.

பவளப்பாறை உயிருள்ளது. மேலே தூசு விழுந்தால் வழவழப்பான கோழையைச் சுரந்து தள்ளிவிடும். கொஞ்சம் விழுந்தால் சமாளிக்கும். தொடர்ந்து விழுந்தால் தள்ளுகிறதுக்கே தெம்பு போய், கோழையும் சேறுமாக மூடிச் செத்துப்போகும். கடல்புல்லுக்கு வெயில் வேண்டும். கலங்கலில் வெயில் இறங்காது. அந்தப் புல்லைத் தின்றுதான் ஆவுளியா என்கிற கடல்பசு உயிர் வாழ்கிறது. பாக் விரிகுடாவில் அதற்காகவே 2022இல் தமிழக அரசு காப்பகம் அறிவித்தது. ஒரு பக்கம் காப்பகம், இன்னொரு பக்கம் கணக்கில்லாமல் கொட்டுவது என்றால் எப்படிச் சரியாகும்?

கப்பலூரான்:
அக்கா, நீங்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் மன்னார் வளைகுடாப் பவளம் செத்ததற்கு தூர்வாரும் கப்பலைக் கைகாட்டுவது நியாயமில்லை. கடல் சூடேறி 1998, 2010, 2016 ஆண்டுகளில் பவளம் வெளுத்தது. அதற்கு முன்னால் பல காலம் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்கும் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற ரெண்டு தீவுகள் கடலுக்குள் போனதற்குக் காரணம் அதுதான். ஊர்க்காரர்களும் அதில் கூலி வேலை பார்த்தவர்கள்தானே.

நம் மதுரை யோக்கியமா? சாக்கடையை வைகையில் விடுகிறோம். பெருவெள்ளம் வருகிற வருஷம் அதெல்லாம் ஆற்றங்கரை என்ற ஊரின் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குத்தான் போகிறது. அதற்குத் தடை கேட்டோமா?

கரிமேட்டுக்காரன்:
கேட்க வேண்டியதுதான் தம்பி, அதையும் கேட்போம். ஒரு கேடு ஏற்கெனவே இருக்கிறது என்பது இன்னொன்றுக்கு அனுமதி ஆகாது. வெப்பத்தில் வெளுத்த பவளம் தேறி வர வேண்டுமானால் தெளிந்த தண்ணீர் வேண்டும். நோயாளி மேல் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, "காய்ச்சலில்தான் செத்தான்" என்று சொல்லக் கூடாது.

திருச்செந்தூரைப் பாருங்கள். கோயில் முன்னால் கடற்கரையை அலை அரித்துக்கொண்டு போகிறது. மதுரையிலிருந்து போகிற அத்தனை பேரும் கண்ணால் பார்த்ததுதான். இதுவும் துறைமுக வேலையின் விளைவு இல்லையா?

வண்டியூர் கண்மாய்:
திருச்செந்தூரை இதில் சேர்க்காதீர்கள். நல்ல வழக்கைப் பலவீனமாக்கிவிடும். நம் கிழக்குக் கரையில் வருஷக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் நீட்டிக் கட்டிய சுவர் அதை மறித்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகலமானதும் வடக்கே ராயபுரம் பக்கம் கரை போனதும் அதனால்தான். புதுச்சேரியிலும் 1980களின் கடைசியில் கட்டிய அலைத்தடுப்புச் சுவருக்கு வடக்கே ஊரின் கடற்கரை மொத்தமும் போனது. திருச்செந்தூர் தூத்துக்குடிக்குத் தெற்கே. அங்கே அரிப்புக்குக் காரணம் தேட வேண்டியது வேறு இடத்தில்.

நான் சொல்ல வருவது வேறு. அள்ளியது எல்லாமே குப்பை கிடையாது. விசாகப்பட்டினத்தில் துறைமுக வாயிலில் சேர்கிற மணலை அள்ளி ராமகிருஷ்ணா கடற்கரையில் பாய்ச்சிக் கரையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். சுத்தமான மணல் என்றால் ஆழ்கடலில் கொட்டுவதே நஷ்டம். அது அரிக்கப்பட்ட கரைக்குப் போக வேண்டும். நச்சுச் சேறு என்றால் கடலுக்கே போகக் கூடாது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் அதற்காகவே பெரிய குழி வெட்டி, கரை கட்டி, 1987 முதல் அதில் தேக்கி வைக்கிறார்கள். ஆகவே தோண்டுவதற்கு முன் இடம் இடமாக மண் எடுத்துச் சோதித்துப் பிரிக்க வேண்டும்.

கப்பலூரான்:
இப்படிப் பிரித்துப் பேசினால் எனக்குச் சம்மதம் ஐயா. என் சண்டை மொத்தத் தடையோடு மட்டும்தான்.

கரிமேட்டுக்காரன்:
மொத்தத் தடை நடக்காத காரியம் இல்லை. ஆஸ்திரேலியாவில் பெரும் பவளத்திட்டுப் பூங்காவுக்குள் 30 லட்சம் கன மீட்டர் கொட்ட 2014இல் அனுமதி கொடுத்தார்கள். மக்கள் எதிர்த்தார்கள். 2015இல் புதிதாகத் தோண்டுகிற மண்ணை அந்தப் பூங்காவுக்குள் கொட்டவே கூடாது என்று சட்டம் வந்தது. துறைமுகங்கள் மூடிப்போகவில்லை. அவர்கள் பவளத்துக்கு ஒரு சட்டம், நம் பவளத்துக்கு ஒரு சட்டமா?

வண்டியூர் கண்மாய்:
அதே சட்டத்தில் பராமரிப்புத் தூர்வாரலுக்கு, அதாவது ஏற்கெனவே தோண்டிய இடத்தில் மறுபடி படிகிற சேற்றை அள்ளுவதற்கு, விலக்கு உண்டு. நம்மிடமும் ஏறக்குறைய அதே ஓட்டை. 2006 சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின்படி புதிதாக ஆழப்படுத்தினால் அனுமதி வாங்க வேண்டும். முதல் திட்டத்திலேயே சேர்த்துக் காட்டி அனுமதி வாங்கியிருந்தால் பராமரிப்புத் தூர்வாரலுக்குத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் அதிக நஞ்சு இருப்பதே தொட்டிக்குள் புதிதாகப் படிகிற அந்தப் பராமரிப்புச் சேற்றில்தான். புதிதாகத் தோண்டும் அடிமண் பல இடங்களில் அதைவிடச் சுத்தம். நீங்கள் தடையை எதன் மேல் கேட்கிறீர்கள் என்பதை மறுபடி யோசியுங்கள்.

கீழக்கரை மகள்:
எதன் மேல் என்றாலும், எப்போது என்பதும் முக்கியம். வாடைக் காற்றில் ஓட்டம் ஒரு பக்கம், கச்சான் காற்றில் இன்னொரு பக்கம். எந்த மாதத்தில் கொட்டினால் தீவுப் பக்கம் சேறு ஒதுங்கும் என்று எங்கள் ஊரில் எந்தப் படகுக்காரரைக் கேட்டாலும் சொல்வார். அந்த மாதங்களில் கப்பல் நிற்கட்டும். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அவர்களை மூன்று நிமிஷம் பேசவிட்டு அனுப்பாமல், கொட்டும் காலத்தை அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யட்டும்.

கப்பலூரான்:
அக்கா சொன்னதோடு இன்னொன்று சேர்க்கலாம். தூர்வாரும் கப்பலில் எங்கே இருக்கிறது, எவ்வளவு சுமை, எப்போது கதவு திறந்தது என்று பதிவாகிற கருவி உண்டு. எங்கள் லாரி எந்த டோல்கேட்டை எத்தனை மணிக்குத் தாண்டியது என்று போனிலேயே பார்க்கிறோம். அந்தக் கப்பல் பதிவை நடை நடையாக இணையத்தில் போடச் சொல்லி நாமே மனு எழுதலாம், கையெழுத்து நான் முதலில் போடுகிறேன். துறைமுகம் வேண்டாம் என்ற வரி அதில் இருந்தால் மட்டும் போட மாட்டேன்.

கரிமேட்டுக்காரன்:
அந்த வரி இருக்காது. ஆனால் தேசியப் பூங்கா எல்லைக்குப் பக்கத்தில் கொட்டக் கூடாது என்ற வரி கட்டாயம் இருக்கும். எத்தனை கிலோமீட்டர் தள்ளி என்பதை ஐயா கணக்குப் போட்டுத் தரட்டும். இன்று ராத்திரி வரைவை இங்கேயே போடுகிறேன்.