ஆர்சி - சிஎஸ்ஐ கல்யாணம், மீட்பு பத்தி தெளிவா சொல்ல உதவுங்க

எல்லாருக்கும் தோத்திரம். நாங்க தூத்துக்குடி, ஆர்சி (ரோமன் கத்தோலிக்கர்). தங்கச்சிக்கு நாசரேத் பக்கம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்) குடும்பத்துல பேசி முடிச்சிருக்கோம், மாப்பிள்ளை தங்கமான பையன், ஆனா அவங்க பெரியப்பா வர்றப்பல்லாம் "நீங்க நற்செயல் செஞ்சு மோட்சம் வாங்கப் பாக்குறீங்க, விசுவாசத்தால மட்டும்தான் இரட்சிப்பு (நாம மீட்புன்னு சொல்றது)"ன்னு ரோமர் 3:28ஐ எடுத்து வாசிக்கிறாரு, எங்கம்மா உடனே விசுவாசம் மட்டும் போதாது, செயலும் வேணும்னு சொல்ற யாக்கோபு 2:24ஐ வாசிக்கிறாங்க, பேச்சு அதோட நின்னுடுது.

எனக்குத் தெரிஞ்சு இறையருள் இல்லாம சொந்த முயற்சியால நீதிமான் ஆகலாம்னு சொல்றதை 1547லயே திரிதெந்து சங்கம் (நம்ம கத்தோலிக்க ஆயர்கள் கூடின பொதுச்சங்கம்) கண்டிச்சிருக்கு. நாம சொல்றது, அந்த அருளுக்கு நாம ஒத்துழைக்கணும், சாவான பாவத்துல, அதாவது தெரிஞ்சே செய்ற பெரிய பாவத்துல விழுந்தா அந்த அருளை இழந்துருவோம், அதைத் திரும்பப் பெறத்தான் சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குற பாவசங்கீர்த்தனம். 1999ல லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் நம்ம திருச்சபையும் ஆக்ஸ்பர்க்ல சேந்து கையெழுத்துப் போட்ட அறிக்கைகூட, நம்ம தகுதியால இல்ல, அருளால மட்டுமே கடவுள் நம்மை ஏத்துக்கிறார்னுதான் சொல்லுது. இதை ஏன் கோயில்ல யாரும் பெருசா சொல்றதில்லன்னு மனசு கஷ்டமா இருக்கு.

அந்த அறிக்கை தமிழ்ல யார்கிட்டயாவது இருக்கா? சாமியார்கிட்ட ஏன் பாவத்தைச் சொல்லணும்னு கேட்டா பாவத்தை மன்னிக்கிற அதிகாரத்தை இயேசு சீடர்களுக்குக் குடுக்கிற யோவான் 20:23ஐக் காட்டுறேன், அதுக்கு மேல எப்படி விளக்குறது? உத்தரிக்கிற ஸ்தலம் (இறந்தவங்க மோட்சம் போறதுக்கு முன்னாடி தூய்மையாகுற நிலை) பத்தியும் கேக்குறாங்க, அதுக்கு நாம காட்டுற மக்கபேயர் ஆகமம் அவங்க பைபிள்ல இல்லாததால வேற எங்கேருந்து ஆரம்பிக்கலாம்? ரெண்டு சபையிலயும் சம்பந்தம் பண்ணவங்க இருந்தா கண்டிப்பா சொல்லுங்க, சண்டைக்கு இல்ல, தங்கச்சி அந்த வீட்டுல நிம்மதியா ஜெபமாலை சொல்லணும், அவ்ளோதான் கேக்குறேன்.