எம்35 லாரி: முன்கண்ணாடிக் கீல் அசையவே மாட்டேங்குது, சுட்டுப் பார்க்கலாமா?

பழைய அமெரிக்க எம்35 ராணுவ லாரி ஒன்னைச் சீர்செஞ்சிட்டிருக்கேன். முன்கண்ணாடியைப் பானட் மேல மடக்கிப் போடணும். கீழ இருக்கிற ரெண்டு கீலும் துருவேறி ஒரே இரும்பா ஆயிடுச்சு. மூணு நாளா டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடிக்கிறேன். வழிஞ்சு வந்து பானட்தான் பளபளன்னு இருக்கு. நேத்து ரெண்டு பேரா சட்டத்தோட மேல்முனையைப் பிடிச்சுத் தள்ளினோம். 'கிரீச்'னு சத்தம் வந்ததும் விட்டுட்டோம். கேஸ் டார்ச் வச்சுச் சுடலாமா?

பதில் 1
டார்ச்சைக் கீழ வைங்க தம்பி. பக்கத்துலயே ரப்பரும் கண்ணாடியும் இருக்கு. அதைவிடப் பெரிய வம்பு பெயிண்ட். 1980-களின் நடுவிலிருந்து அமெரிக்க ராணுவம் அடிச்ச சிஏஆர்சி (ரசாயன ஆயுதத்தைத் தாங்குற) பெயிண்ட் சூடானா நச்சுப்புகை விடும்; அதுக்கு முந்தின பூச்சுல ஈயம் இருக்கலாம். உப்புத்தாளை உலர்வாத் தேய்க்கிறதும் வேண்டாம்.

மேல்முனையைப் பிடிச்சுத் தள்றதையும் நிறுத்துங்க. அவ்வளவு நீள நெம்புகோலுக்குக் கீல் அசையாது, சட்டம்தான் முறுக்கிக்கும். அந்தக் 'கிரீச்' அநேகமா அதுதான்.

எண்ணெய் ஏன் உள்ள போகலைன்னு பாருங்க. இந்த வண்டிகளுக்குக் கீலோட சேர்த்தே கோட்டு மேல கோட்டு பெயிண்ட் அடிச்சிருப்பாங்க. கீல் கணுக்களுக்கு, அதாவது பின் நுழையிற குழல் துண்டுகளுக்கு, நடுவுல உள்ள இடைவெளி மூடியிருக்கும். மாஸ்க் போட்டுக்கிட்டு, அந்த இடத்தை ஈரமாக்கி, கத்தி முனையால கோடு கோடாக் கீறித் திறந்துவிடுங்க. அப்புறம் துரு இளக்கும் எண்ணெய். சாயங்காலம் ஒரு தடவை, காலையில ஒரு தடவை. நடுநடுவுல கணுவுக்குப் பின்னால கனமான இரும்பைத் தாங்குக் கொடுத்து, சின்னச் சுத்தியலால லேசாத் தட்டுங்க. அந்த அதிர்வுலதான் துருவுல விரிசல் விழும், எண்ணெய் இறங்கும்.

மயிரிழை அசைஞ்சாலும் போதும், அதுக்கு மேல தள்ளாதீங்க. பழைய இடத்துக்கே திருப்பி, எண்ணெய் விட்டு, மறுபடி. செங்காவிச் சாறு மாதிரி வடியும். அது தெளியிற வரைக்கும் துடைச்சுத் துடைச்சு விடணும். பொறுமை இல்லாதவங்களுக்கு ஆகாத வேலை இது.

பதில் 2
அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் (ஏடிஎஃப்) சரிபாதி கலந்து விட்டா நல்லா இறங்கும். தானாப் பிரிஞ்சிடும், ஒவ்வொரு தடவையும் குலுக்கணும். பெயிண்டையும் ரப்பரையும் தின்னும், தீப்பொறி பக்கத்துல ஆகவே ஆகாது.

கேட்டவர்
நாலாம் நாள் இடது கீல் விட்டுக் கொடுத்துடுச்சு! பெயிண்டைக் கீறினதுதான் வேலை செஞ்சது. வலதுல அவசரப்பட்டு நான் கீல் பின்னை உடைச்சுட்டேன். பாதி உள்ளயே இருக்கு.

பதில் 1
அதான் சொன்னேன்! பரவாயில்ல. கண்ணாடிச் சட்டத்தை இறக்கி, கீலைக் கழட்டி வைஸ்ல பிடிங்க. பின்னோட நடுவுல பஞ்ச் வச்சுக் குழி போட்டு, சின்ன டிரில்ல ஆரம்பிச்சுப் படிப்படியாப் பெரிசாக்குங்க. துளை கோணினா கணு போச்சு. மிச்சத்தைப் பஞ்ச் வச்சுத் தட்டி எடுக்கலாம். துளையைச் சுத்தம் பண்ணி, அதே விட்டத்துல இரும்புக் கம்பி வெட்டிப் புதுப் பின்னாப் போடுங்க. போடும்போதே கிரீஸ் தடவிடணும். மாட்டின பிறகு கெட்டிக் கிரீஸ் உள்ள போகாது, எஞ்சின் ஆயில் சொட்டுதான். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டத்தான், அதை நம்பி விட்டுடாதீங்க.

கேட்டவர்
சரிங்கண்ணா. இடது கீல் சும்மா ஆடுது, ஆனா பின் கொஞ்சம் தேஞ்சிருக்கு. அதையும் சேர்த்தே மாத்திடறேன்.